பெயரில் ஒரு சாண் நிலமில்லாமல் மதுரா கிராமத்தில்

நான் குடியிருக்கும் வீடு என்னுடையதல்ல. அது நிற்கும் மனையும் பின்னால் இருக்கும் சோளக்கொல்லையும் அப்படித்தான். இந்தோனேசியச் சட்டப்படி அவை என் பெயரில் இருக்க முடியாது. மதுரா தீவின் வழக்கப்படி இருக்கக் கூடாது. சட்டத்துக்கு நான் வெளிநாட்டுக்காரன், வழக்கத்துக்கு நான் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. காரணங்கள் வேறு, முடிவு ஒன்றுதான்.

பினாங்கில் பிறந்த தமிழ் முஸ்லிம் நான். மனைவி மதுராக்காரி. மலேசியாவுக்கு வேலை தேடி வந்த மதுராக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்ச காலம் மலேசியாவில் இருந்தோம். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதும் அவளுடைய ஊருக்கே வந்துவிட்டோம். இந்தோனேசியப் பெண்ணை மணந்த நம்மவர்கள் சிலர், அங்கே நிலம் வாங்கலாமா, மனைவியின் பங்கை எப்படிப் பத்திரப்படுத்துவது, சொந்தக் காசைப் போட்டு வீடு கட்டலாமா என்றெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஜாவாவின் வடகிழக்கு முனையை ஒட்டிக் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் தீவு மதுரா. மேற்கிலிருந்து பங்காலான், சம்பாங், பமெகாசான், சுமெனெப் என்று நான்கு மாவட்டங்கள். 2009-இல் சுராமாடு பாலம் திறந்தார்கள். கடலுக்கு மேலே 5.4 கிலோமீட்டர், அந்தப் பக்கம் ஜாவாவின் சுராபாயா நகரம். 2018-இல் சுங்கக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். நாங்கள் இருப்பது பமெகாசானின் வடபகுதியில், சுண்ணாம்புப் பாறை மேட்டில் இருக்கும் ஒரு புகையிலைக் கிராமம். இங்கே ஊர் என்றால் தெருத்தெருவாக வீடுகள் இருக்காது. கொல்லைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடும்ப வளாகங்கள் இருக்கும். ஒவ்வொரு வளாகமும் தனித் தீவு மாதிரி. சொத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்த வளாகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குத் தானேயான் லஞ்சாங் என்று பெயர். நீளமான ஒரு முற்றம். வடக்கு ஓரத்தில் வீடுகள் வரிசையாகத் தெற்குப் பார்த்து நிற்கும். எதிரே தெற்கு ஓரத்தில் சமையல்கட்டும் மாட்டுக்கொட்டகையும். மேற்குக் கடைசியில் லாங்கார் என்னும் சிறிய தொழுகைக் கூடம். அதை ஒட்டிய முதல் வீடு பெரியவர்களுடையது. அடுத்தது மூத்த மகளுக்கு, அதற்கடுத்தது அவள் தங்கைக்கு. இப்படிக் கிழக்கே போகப் போக வயது குறையும். பெண் கல்யாணம் ஆகி வெளியே போவதில்லை. அவளுக்கென்று பெற்றவர்கள் வரிசையில் ஒரு வீடு எழுப்பிக் கொடுக்கிறார்கள், மாப்பிள்ளை வந்து சேர்கிறான். மகன்கள் கட்டிய பெண்ணின் முற்றத்துக்குப் போய்விடுகிறார்கள். சீர் கொண்டுவருவதும் மாப்பிள்ளை வீட்டார்தான்: கட்டில், அலமாரி, மெத்தை, பாத்திரம் எல்லாம் வண்டியில் ஊர்வலமாக வரும். ஊர்ப் பெண்கள் நின்று எண்ணிப் பார்ப்பார்கள். நான் பினாங்கிலிருந்து வந்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் சலுகை கிடைத்தது. அலமாரியின் கண்ணாடி போதுமான அகலம் இல்லை என்று ஒரு பெரியம்மா சொன்னது மட்டும் இன்னும் வீட்டில் பேச்சாக இருக்கிறது.

இந்த அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. விவாகரத்து நடந்தால் மனையும் வீடும் பெண்ணோடு நிற்கின்றன; ஆண் தன் துணிமணியையும், சொந்தமாக மாடு இருந்தால் அதையும் ஓட்டிக்கொண்டு தன் தாய் முற்றத்துக்குத் திரும்புகிறான். பிள்ளைகளோடு பெண் தெருவுக்கு வரும் நிலையை நான் இங்கே பார்த்ததில்லை. அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு முதல் பதில் இதுதான்: மனைவியின் முற்றத்தில் நீங்கள் போடும் ஒவ்வொரு செங்கல்லும் அன்பளிப்பு. நாளைக்கு நீதிமன்றத்தில் அதை இருவர் சொத்து என்று வாதிட வழி இருக்கலாம், ஆனால் ஊர் அதை ஒருநாளும் ஏற்காது. முதலீடாக நினைத்துக் கட்டாதீர்கள். குடியிருக்கக் கட்டுங்கள். கட்டினால் உள்ளூரில் அறுத்தெடுக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லிலேயே கட்டலாம். பெரிய பெரிய கட்டிகளாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. அடித்தளத்தில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முற்றத்துக்கென்று நடைமுறை ஒழுங்கும் உண்டு. ஆண் விருந்தாளி லாங்காரில்தான் உட்காருவார், காப்பி அங்கேதான் வரும். இரவில் வயசுப் பையன்களும் அங்கேதான் படுப்பார்கள். வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் வெளி ஆண் வீட்டு வாசலில் ஏறுவது பெரிய குற்றம். மின்சார வேலைக்கோ குழாய் வேலைக்கோ ஆளை அழைக்கும்போது நான் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வரச்சொல்கிறேன். பெரியவர்களிடம் பேசுவதிலும் கவனம் வேண்டும். மதுரா மொழியில் மரியாதைப் படிகள் பல உண்டு. அரைகுறையாகக் கற்றுக்கொண்டு மாமனாரிடம் தோழனிடம் பேசுவதுபோல் பேசுவதைவிட, மலாய்க்கு நெருக்கமான இந்தோனேசிய மொழியிலேயே பேசிவிடுவது பாதுகாப்பு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த முற்றத்தின் பலம் எனக்கு நன்றாகப் புரிந்தது எங்கள் பக்கத்து வளாகத்துப் பெரியவர் கதையைக் கேட்டபோதுதான். போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில் மரவேலை, சின்னக் கடை, சொந்த வீடு என்று நல்லபடியாக இருந்தவர். 2001 பிப்ரவரியில் சம்பிட் நகரில் மதுராக்காரர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தபோது குடும்பத்தோடு கப்பலேறித் தப்பி வந்திருக்கிறார். அப்போது பல்லாயிரம் பேர் அப்படி வந்தார்கள். அங்கே இருந்த வீட்டுக்கு அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. இங்கே இருந்த கொல்லையையோ முன்பே அடமானம் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் மனைவியின் தாய் முற்றத்தில் இடம் இருந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை. வரிசையின் கிழக்குக் கடைசியில் மூங்கில் தட்டி கட்டிக்கொடுத்தார்கள். இன்று அது கல் வீடு. கொல்லைதான் இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. அந்த அடமானக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முற்றம் பெண்களின் கையில் இருக்கிறது. கொல்லைதான் சிக்கல்.

இந்த மண்ணில் மழைக்காலம் ஒரு வாழ்க்கை, வெயில் காலம் வேறு வாழ்க்கை. நவம்பரில் மழை பிடித்ததும் மக்காச்சோளம் போடுகிறார்கள், ஊடே அவரை இனங்கள், ஓரத்தில் மரவள்ளி. இந்த ஊர்ச் சோளம் கதிர் சின்னது, ஆனால் சீக்கிரம் விளையும், வறட்சி தாங்கும். அரிசியோடு சோளத்தை உடைத்துப் போட்டுப் பொங்குவதும், வேலியில் நிற்கும் முருங்கைக் கீரையைத் தண்ணியாகக் குழம்பு வைப்பதும்தான் தினசரி சாப்பாடு. அதனால் எனக்கு ஊர் ஏக்கம் பெரிதாக வரவில்லை. சுமெனெப் பக்கம் போனால் பனங்காடே இருக்கிறது. பதநீர் இறக்குகிறார்கள், கருப்பட்டி காய்ச்சுகிறார்கள், ஓலையில் பாய் முடைகிறார்கள்.

மழை ஓய்ந்ததும், மே வாக்கில், அதே நிலத்தில் புகையிலை நாற்று இறங்கும். வருடத்தின் காசு முழுக்க அதில்தான். காவடித் தண்டில் இரண்டு பூவாளியைத் தொங்கவிட்டுக் கிணற்றிலிருந்து தூக்கி ஊற்றுகிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் இலை ஒடிப்பு. ஒடித்த இலையைச் சில இரவுகள் அடுக்கி மூடி மஞ்சளாகவிட்டு, அப்புறம் நள்ளிரவுக்கு மேல் உட்கார்ந்து மெல்லிசாக அரிகிறார்கள். விடிவதற்குள் மூங்கில் தட்டிகளில் பரப்பியாக வேண்டும். ஒரே நாள் வெயிலில் காய்ந்தால்தான் நிறம் நிற்கும். அந்த மாதங்களில் எங்கள் முற்றம் இரவு இரண்டு மணிக்கு நிறைந்து கிடக்கும். அரிகிறவர் ஒருவர், சுருட்டிக் கொடுக்கிறவர் ஒருவர், பரப்புகிற பெண்கள் பத்துப் பேர், நடுவில் காப்பி. இன்று நம் இலை, நாளை அவர்கள் இலை. கூலி பாதி, கைமாற்று வேலை பாதி. அந்த இரவில் தூங்கப் போகிற மாப்பிள்ளைக்கு ஊரில் மதிப்பு கிடையாது. எனக்கு அரியத் தெரியாது. தட்டி தூக்குவேன், காப்பி ஊற்றுவேன்.

இதில் சொத்து சம்பந்தமான ஒரு விஷயம் இருக்கிறது. வெளியாட்கள் நிலம் பார்க்க வந்தால் தண்ணீர் பக்கத்திலுள்ள தாழ்வான வயலைத்தான் பார்ப்பார்கள். மதுராவில் மேட்டுக் கல்லுநிலத்துப் புகையிலைக்குத்தான் மணம் அதிகம். எடை குறைவாக வந்தாலும் கிலோவுக்கு நல்ல விலை. கல்லும் கரடுமாகத் தெரியும் நிலத்தைச் சொந்தக்காரர் ஏன் விடமாட்டேன் என்கிறார் என்பதற்கு இதுதான் காரணம். அதேபோல் கிணறு யார் மனையில் இருக்கிறது, வெயில் காலத்தில் யார் யார் அதில் இறைக்கிறார்கள் என்பதைப் பத்திரத்தில் தேடினால் கிடைக்காது. செப்டம்பர், அக்டோபரில் ஊருக்குத் தண்ணீர் லாரி வரும் அளவுக்குக் காயும் பூமி இது. கிணற்றை வேலிக்குள் அடைக்கிறவன் நிலத்தோடு பகையையும் சேர்த்து வாங்குகிறான்.

சரி, காகிதத்துக்கு வருவோம். ஊரில் பெரும்பாலானவர்கள் கையில் வைத்திருப்பது பெத்தோக் என்னும் பழைய வரித் துண்டு, அல்லது வருடாவருடம் வரும் நிலவரிச் சீட்டு. ஊராட்சி அலுவலகத்தில் லெட்டர் சி என்னும் பழைய பதிவேடு இருக்கும். அதில் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கும். இவை எதுவும் உரிமைப் பத்திரம் அல்ல. உரிமை என்றால் நில அலுவலகம் தரும் ஹாக் மிலிக் என்னும் முழு உரிமைச் சான்றிதழ்தான். 2021-இல் வந்த அரசு ஒழுங்குமுறை, பழைய துண்டுகளைப் பதிவு செய்துகொள்ள ஐந்து வருடம் கொடுத்தது. 2026 பிப்ரவரி 2-க்குப் பிறகு அந்தத் துண்டுகள் உரிமைக்குச் சான்றாக நிற்காது. பதிவுக்குப் போகும்போது ஒரு தடயமாக மட்டும் காட்டலாம். அதற்காக நிலம் பறிபோய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை. அனுபவத்தில் இருக்கும் நிலத்தை அதற்குப் பிறகும் பதிவு செய்யலாம். ஆனால் சாட்சியும் எல்லையும் தெளிவாக இருக்க வேண்டும்.

ஊர் முழுக்க ஒரேயடியாக அளந்து சான்றிதழ் கொடுக்கும் பிடிஎஸ்எல் திட்டம் உங்கள் ஊருக்கு வந்தால் விடவே விடாதீர்கள். தனியாகப் போனால் ஆகும் செலவில் இது ஒரு சிறு பகுதி. ஊரளவில் வாங்கக்கூடிய ஆயத்தச் செலவுக்கு 2017-லேயே மூன்று அமைச்சர்கள் சேர்ந்து வரம்பு வைத்தார்கள்: ஜாவா, பாலி பகுதிக்கு 1.5 லட்சம் ரூபியா, வரி தனி. மதுரா இந்தக் கணக்கில் ஜாவாவோடு சேர்ந்தது. அதற்கு மேல் யாராவது கேட்டால் எதற்கென்று ரசீதோடு கேளுங்கள். சண்டையாகக் கேட்காமல் சிரித்துக்கொண்டே கேட்டால் போதும்.

அளப்பதற்கு முன்னால் எல்லைக்கல் நட வேண்டும், பக்கத்து நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். இங்கேதான் பல வீட்டில் வேலை நின்றுபோகிறது. மதுராக்காரர் என்றாலே அரிவாள், காரோக் என்னும் மானச் சண்டை என்று வெளியில் ஒரு பேச்சு. மானம், மனைவி, நிலம், தண்ணீர் விஷயத்தில் உயிர்ப்பலி நடந்த வரலாறு உண்மைதான். ஆனால் நான் கண்ணால் பார்ப்பது வேறு: நேருக்கு நேர் சொல்லாமல் மூன்றாவது ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பும் பொறுமை. எங்கள் வடக்கு எல்லையில் ஒரு வரப்பு வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மாமனார் அந்த வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வீட்டாருக்கும் ஓதிக்கொடுத்த கியாய் என்னும் மார்க்க ஆசானிடம் போய், அளக்க ஆள் வரப்போகிறார்கள், எங்கே கல் நடலாம் என்று யோசனை கேட்டார். வரப்பு நகர்ந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து மூன்று பேரும் சேர்ந்து நடந்து போய்க் கல் நட்டார்கள். கிளெபுன் என்னும் ஊர்த்தலைவர் வந்து கையெழுத்துப் போட்டது அதற்குப் பிறகுதான். முறையீட்டு மனு எழுதிக்கொண்டு நேரே அலுவலகம் போவது பினாங்கில் சரியாக இருக்கும். இங்கே அது கடைசிப் படி.

இனி அடமானம். வெளிநாட்டு வேலைக்குப் போக முகவருக்குக் கட்ட வேண்டும், மகனுக்குக் கல்யாணம், ஒரு சாவு. கையில் காசு இல்லை. கொல்லையை ‘காடாய்’ என்னும் அடமானத்துக்கு வைக்கிறார்கள். பணம் கொடுத்தவர் நிலத்தில் இறங்கி உழுது விளைச்சல் முழுவதையும் எடுத்துக்கொள்வார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை நிலம் அவரிடம். வட்டி என்று பெயர் கிடையாது, கெடு கிடையாது, எழுத்தும் பெரும்பாலும் கிடையாது. இருபது வருடம் ஓடும். கொடுத்தவரும் வாங்கியவரும் செத்துப்போய்ப் பிள்ளைகள் காலத்துக்கும் வரும். அப்போது ஒரு தரப்பு அடமானம் என்னும், மறு தரப்பு கிரயம் என்னும்.

சட்டம் இதில் ஏழையின் பக்கம் நிற்கிறது. 1960-இன் 56-ஆம் எண் விவசாய நிலச் சட்டப்படி, அடமானம் ஏழு வருடத்தைத் தாண்டிவிட்டால், இருக்கும் பயிர் அறுவடையானதும் ஒரு மாதத்துக்குள் பணம் எதுவும் வாங்காமல் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். ஏழு வருடம் ஆகாவிட்டாலும் முழுப் பணம் கொடுக்க வேண்டியதில்லை: ஏழரையிலிருந்து கழிந்த வருடங்களைக் கழித்து, ஏழால் வகுத்து, அடமானத் தொகையால் பெருக்க வேண்டும். ஒரு கோடி ரூபியாவுக்கு வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தால் சுமார் 64 லட்சம் கொடுத்தால் போதும். விளைச்சலிலேயே அவர் மீதியை எடுத்துவிட்டார் என்பது கணக்கு. எங்கள் ஊரில் இந்தச் சட்டத்தை எடுத்துக்காட்டி நிலத்தை மீட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது. முழுப் பணத்தைக் கொடுக்காமல் நிலத்தைத் திருப்பிக் கேட்பது வெட்கக்கேடு என்றுதான் நினைக்கிறார்கள். கலிமந்தானிலிருந்து வந்த பெரியவரும் ஏழு வருடம் எப்போதோ தாண்டியும் முழுத் தொகையைத் தவணையாகக் கட்டி, பாதி நிலத்தை மீட்டிருக்கிறார். சட்டம் தெரிந்தும் அப்படிச் செய்கிறார். அவர் முடிவு அது. ஆனால் நீங்களோ மனைவியோ பணம் கொடுக்கும் பக்கம் நின்றால், தேதி, தொகை, அளவு மூன்றையும் எழுதி, இரு தரப்புச் சாட்சியோடு ஊர் அலுவலகத்தில் ஒரு நகல் வைத்துவிடுங்கள். கொடுப்பவருக்கும் அது நல்லது, வைப்பவருக்கும் நல்லது.

நிலம் வாங்க நினைக்கிறவர் கேட்கவேண்டியவை இன்னும் சில. முதலில் அது பெர்ச்சாத்தோன் நிலமா என்று பாருங்கள். ஊர் அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விடப்படும் ஊர்ப் பொது நிலம் அது. வருடக் குத்தகைக்கு வரும், விற்பனைக்கு வராது. விற்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நிலத்துக்குள் கல்லறை இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். இங்கே பல குடும்பங்கள் சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்கின்றன. வியாழக்கிழமை இரவுகளில் ஓத வரும் உறவினர்களை யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பாதை இருக்கிறதா என்பது அடுத்தது. உள்ளே இருக்கும் கொல்லைகளுக்கு வரப்புதான் வழி. தலைச்சுமை போகும், வண்டி போகாது. தேக்கு, மா மரங்கள் விலையில் சேர்ந்தவையா என்பதை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அது சங்கோலான் நிலமா என்பது. முன்னோர் வழியில் இறங்கிய நிலத்தைக் குடும்பத்துக்கு வெளியே விற்றால் வாழ்வு கெடும் என்று உறுதியாக நம்புகிறார்கள். விற்பதானாலும் முதலில் உடன்பிறந்தவர், அப்புறம் பங்காளி, அப்புறம்தான் வெளியாள். அவசரத்தில் ஒருவர் வெளியாளுக்கு விற்றால் மற்றவர்கள் பத்து வருடம் கழித்தும் வந்து நிற்பார்கள். நகரத்துக்காரர்களுக்கு இது மூடநம்பிக்கையாகத் தெரியும். சுமெனெப் கடற்கரையில் இறால் பண்ணைக்காக வெளியார் நிலம் வாங்கிக் குவித்தபோது, கூடாது என்று இளைஞர்களும் உலமாக்களும் பேசியதில் இந்த நம்பிக்கைக்குப் பெரிய பங்கு இருந்தது. எனக்கு இதில் ஊர்க்காரர்கள் கட்சிதான். கையில் அரை ஹெக்டேர்கூட இல்லாத குடும்பங்களை இந்தத் தயக்கம்தான் நிலத்தில் பிடித்து வைத்திருக்கிறது.

வெளிநாட்டுக் கணவன் விஷயம் இது. 1960-இன் அடிப்படை நிலச் சட்டம் முழு உரிமையைக் குடிமக்களுக்கு மட்டும் வைத்திருக்கிறது. இன்னொருவர் பெயரில் வாங்கி உள்ளே வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் தந்திரமும் செல்லாது. விற்பனையே ரத்தாகும், கொடுத்த பணம் திரும்பாது. பாலியில் இப்படிப் போன காசுக்கு அளவில்லை. மனைவிக்குப் பெற்றோரிடமிருந்து வாரிசாகவோ நன்கொடையாகவோ வருவது 1974 திருமணச் சட்டப்படி அவளுடைய தனிச் சொத்து; அதில் நம்மால் சிக்கல் வராது. கல்யாணத்துக்குப் பின் அவள் விலைக்கு வாங்கினால்தான் பிரச்சினை, ஏனென்றால் அது இருவர் சொத்தாகிவிடும், அதில் பாதி வெளிநாட்டுக்காரனுடையது என்று ஆகும். சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இருந்தால் தப்பிக்கலாம். முன்பு அதைக் கல்யாணத்துக்கு முன்பே எழுத வேண்டும். அரசியல் சாசன நீதிமன்றம் 2016-இல் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு கல்யாணமானவர்களும் எழுதலாம். நோத்தாரிஸ் என்னும் பத்திர அலுவலர் முன் எழுதி, முஸ்லிம்கள் நிக்காஹ் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். நாங்கள் இங்கே வந்த கையோடு அதை முடித்துவிட்டோம். வாங்கும்போது விற்பவர் 2.5 சதவீதம் வருமான வரி, வாங்குபவர் விலக்குத் தொகை போக 5 சதவீதம் வரை மாற்று வரி. இதை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். பின்னாளில் வழக்கு என்று வந்தால் காகிதத்தில் உள்ள விலைதான் பேசும்.

வாரிசுப் பங்கை எழுதுவதில் ஒரு யோசனை: பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே நன்கொடைப் பத்திரமாக எழுதிவிடுங்கள். மார்க்கப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஊர் வழக்கப்படி முற்றமும் வீடும் மகள்களுக்கு, கொல்லையில் மகன்களுக்குக் கூடுதல். கியாய்கள் இரண்டையும் நன்கொடை வழியாக அழகாக இணைத்துவிடுகிறார்கள். ஆனால் அது வாய்ச்சொல்லாக நின்றால் அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. எல்லா உடன்பிறப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் ஜித்தாவிலும் ஒருவர் கோலாலம்பூரிலும் இருந்தால், அங்குள்ள இந்தோனேசியத் தூதரகத்தில் சான்றளித்த அதிகாரப் பத்திரம் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பிய சம்மதம் நில அலுவலகத்தில் எடுபடாது.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் ஊரில் உங்களுக்கென்று ஒரு கணக்கு ஓடுகிறது. கல்யாணத்துக்குக் கொடுக்கும் பணம், அரிசி, சர்க்கரை எல்லாம் நம் ஊர் மொய் நோட்டு மாதிரியே எழுதி வைக்கப்பட்டு, அவர்கள் வீட்டு விசேஷத்தில் குறையாமல் திரும்பியாக வேண்டும். சாவு வீட்டில் ஏழு இரவு தஹ்லீல் ஓதுவார்கள், அப்புறம் நாற்பது, நூறு, ஆயிரமாவது நாள். அந்த ஏழு இரவில் போகாமல் இருந்தால், அடுத்த முறை எல்லைக்கல் நட ஆள் கூப்பிட்டால் எல்லோரும் கையில் வேலையாக இருப்பார்கள். கொஞ்சம் காசு மிஞ்சினால் நிலத்தில் போடுவதைவிட மாட்டில் போடுவது எனக்கு ஒத்துவந்தது. கன்றுப் பசுவை வாங்கிப் பக்கத்து வீட்டில் வளர்க்கக் கொடுத்தால், பிறக்கும் கன்றை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளலாம். மாடு வாங்க எந்தக் குடியுரிமையும் கேட்பதில்லை.

ஊரில் பெரிய பெரிய தூண் வைத்த பளிங்கு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் ஜகார்த்தாவில் இருபத்துநாலு மணிநேர மளிகைக் கடையிலோ, சுராபாயாவில் பழைய இரும்புக் கடையிலோ, மலேசியாவில் கட்டட வேலையிலோ இருக்கிறார்கள். நோன்புப் பெருநாளைவிட ஹஜ்ஜுப் பெருநாளுக்குத்தான் ஊரே வந்து இறங்கும். தோரோன் என்று அதற்குப் பெயர். பாகப் பேச்சு, அடமான மீட்பு, கையெழுத்து எல்லாம் அந்த ஒரு வாரத்தில்தான் நடக்கும். நோத்தாரிஸ் அலுவலகத்தில் அப்போது நாள் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எங்களுக்கும் இந்த வருடம் அந்த வேலை இருக்கிறது. வரிசையின் கிழக்குக் கடைசியில் தட்டி அடுக்கி வைத்திருக்கும் காலி இடம் என் மகளுக்கு என்று மாமியார் சொல்லிவிட்டார். அவளுக்கு இப்போது இரண்டு குடியுரிமை. 2006 குடியுரிமைச் சட்டப்படி பதினெட்டு வயதானதும், தாமதமானால் இருபத்தொன்றுக்குள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அவள் மலேசியாவைத் தேர்ந்தால், வாரிசாக வரும் நிலத்தை ஒரு வருடத்துக்குள் கைமாற்றியாக வேண்டும். அப்படி ஒரு நிலை வந்தால் அவளுடைய சித்தி மகளுக்குத்தான் முதலில் போக வேண்டும், வெளியே போகக் கூடாது என்று குடும்பத்துக்குள் ஒரு தாள் எழுதியிருக்கிறோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, சுராபாயாவில் இருக்கும் பெரிய மைத்துனரைத் தவிர. அவருக்கு ஆட்சேபணை இருக்கிறதா, சோம்பலா என்று போனில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்ததும் லாங்காரில் காப்பியோடு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை, கியாய் கேட்பார்.